பாவாயியின் மாத்திரை

ஏனுங் தம்பி, அப்படிப் பாக்காதீங்க. இந்த மாத்திரை எனக்கில்லீங்க. என்ற ஊட்டுக்காரிக்கு. நான் முழுங்கறேன், அவ்வளவுதான்.

சித்த இருங்க, தண்ணியைக் குடிச்சுக்கறேன். ம், எறங்கிருச்சு. காலையில சாப்பிட்டதும் போடணும்னு சொல்லியிருக்குது. பஸ்ஸைப் புடிக்கற அவசரத்துல மறந்துட்டேன். அவதான் ஞாபகப்படுத்துனா. "என்ற மாத்திரையைப் போட்டீங்களா?"ன்னா. அவ மாத்திரை, அவ ஞாபகம் வெச்சுக்கறா. நாயந்தானுங்களே?

நான் சென்னியப்பனுங்க. முப்பத்தோரு வருசம் கவர்மெண்ட் பஸ்ஸுல கண்டக்டர். போன வருசம் மாசியில ரிட்டையர்டு ஆனேன். இதே ரூட்டுதான். அங்க பாருங்க, அந்தக் கண்டக்டர் தம்பி படியில கால் வெக்கறதுக்குள்ள விசில் குடுத்துருச்சு. நானா இருந்தா குடுக்கமாட்டேன். செரி, அது அவிய பொழப்பு, நமக்கெதுக்கு. நான் அடிக்கடி சட்டையை முன்னால இழுத்து விட்டுக்கறேன்னு ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. பின்னாடி எங்கியோ மாட்டி இழுக்குது.

என்ற ஊட்டுக்காரி பேரு பாவாயி. மாடு கண்ணு, தோட்டம், புள்ளை படிப்பு எல்லாத்தையும் ஒத்தையில பாத்த பொம்பளைங்க. ஒரு தலைவலின்னு படுத்ததில்லை. நான் ரிட்டையர்டு ஆகி ஊட்டோட வந்து உக்காந்தேன், ரெண்டே மாசம், அவளுக்கு மனசுல சீக்கு வந்துருச்சு. எதுனாலன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடலீங்க. நான் கூடவேதான் இருந்தேன். காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் கூடவேதான் இருந்தேன்.

தூக்கம் போச்சுங்க அவளுக்கு. எப்படித் தெரியும்ங்கறீங்களா? நான்தான் முழிச்சிருந்து பாக்கறனே. ரெண்டு மணிக்கு அவளை எழுப்பி, "பாவாயி, தூங்கிட்டயா?"ன்னு கேப்பேன். "இல்லீங்க"ம்பா. மூணு மணிக்கு எழுப்பிக் கேப்பேன். அப்பவும் இல்லீங்கம்பா. ஒரு நாளு ரெண்டு நாளில்லீங்க, நாலு மாசம். எப்பக் கேட்டாலும் முழிச்சுட்டுத்தான் இருப்பா. இது சீக்கு இல்லாம வேற என்னங்க?

சோறும் எறங்கறதில்லை. நான் ரெண்டு வாய் தின்னுட்டுத் தட்டத்தைத் தள்ளுவேன், ஒடனே அவளும் தள்ளிடுவா. பேச்சும் கொறஞ்சு போச்சு. கேட்டைப் பூட்டிட்டயான்னு பதினஞ்சு தடவை கேட்டா, மொதப் பத்துக்குத்தான் பதில் வரும். பொறவு எந்திரிச்சுப் போயி மாட்டுக் கொட்டாயில உக்காந்துக்குவா. என்ற புள்ளை சுகந்தி திருப்பூர்ல கம்பெனி வேலைக்குப் போறா. அவளுக்குப் போன் போட்டு, போய்ச் சேந்துட்டயா, வழியில லாரி வந்துச்சா, திரும்பி வந்துட்டயான்னு விசாரிப்பேன். ஒரு நாளைக்கு இருவது தடவை இருக்கும். அந்தப் புள்ளை என்ற போனைக் கட் பண்ணிட்டு அவங்கம்மாளுக்குப் போன் போட்டு அழுகும். இவளும் இங்க இருந்து அழுவா. சீக்கு போன்லயே தொத்திக்குச்சு பாருங்க.

எனக்கென்னங்க, நான் நல்லாத்தான் இருந்தேன். எனக்குச் சோலி இருந்துச்சு. நாங்க படுக்கற ரூமுச் செவுத்துல ஒரு விரிசல். ஜன்னலுக்கு மேல ஆரம்பிச்சுக் கோணலாக் கீழ எறங்குது. அது பெருசாச்சுன்னா ஊடு உழுந்துருமில்லீங்க? அதனால செவுத்தைப் பாத்து ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு அதையே பாத்துட்டிருந்தேன். விரிசல் முடியற எடத்துல பென்சில்ல ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுவேன். தெனமும். சித்திரையில ஆரம்பிச்சு ஆடி வரைக்கும் டீக்கடைக்குப் போகலை, கண்ணாலம் காச்சிக்குப் போகலை, சவரம் பண்ணலை. நான் போயிட்டா விரிசலை யாரு பாக்கறது? நாலு மாசத்துல அது நூலளவு நகரலைங்க. சிரிக்கறீங்க. நான் பாக்காம உட்டிருந்தா?

அந்த ஆடியிலதான் அவளா வாயைத் தொறந்தா. "ஏனுங்க, எனக்கு மனசே செரியில்லீங்க. எந்நேரமும் பயமா இருக்குது. ஒத்தப்பனை ஆஸ்பத்திரிக்குப் புதுசா வந்திருக்கற டாக்டரம்மா இதுக்கெல்லாம் பாக்கறாங்களாமா. எனக்கு மூட்டுவலி, பஸ் ஏற முடியாது. என்ற ஆஸ்பத்திரி நோட்டை எடுத்துட்டுப் போயி, நீங்க சொல்லி மாத்திரை வாங்கியாங்க."

எங்கூருல அதுதானுங்க வழக்கம். பிரசர், சக்கரை எல்லாத்துக்கும் தெருவுக்கு ஒருத்தர் போதும். பை நெறைய நோட்டைக் கொண்டு போயி, அவங்கவங்க வியாதியை அந்த ஒருத்தரே சொல்லி, அவங்கவங்க மாத்திரையை வாங்கிட்டு வந்துருவாங்க. எதுத்த ஊட்டு மாரக்காளுக்குக் காதுவலின்னு நான் ஒருக்காப் போயிருக்கேன். அந்தக் காலத்து டாக்டரு என்ற காதுல லைட் அடிச்சுப் பாத்துட்டு, சீழ் இல்லைன்னு எழுதிக் குடுத்தாரு. மாரக்காளுக்கும் செரியாப்போச்சு. அதனால நானும் சட்டையை மாட்டிட்டுக் கெளம்பிட்டேன். விரிசல்கிட்ட அவளை உக்கார வெச்சுட்டுத்தான் போனேன்.

டாக்டரம்மா பேரு ஷெரின். நாகர்கோவில் பக்கம். சின்னப் புள்ளைங்க, நம்ம சுகந்தி வயசுகூட இருக்காது. நோட்டை வாங்கிப் பாத்துட்டு, "அய்யா, இதுக்கு ஆளைப் பாக்காம மருந்து குடுக்க மாட்டேன்"ன்னுச்சு. "நான்தான் பாக்கறேன் தாயி. எந்நேரமும் நான்தான் பாக்கறேன். என்ன வேணுமோ என்னைக் கேளுங்க"ன்னேன். என்னை மேலயும் கீழயும் பாத்துச்சு. பொறவு ஒரு பேப்பரை எடுத்துச்சு. ஒம்போது கேள்விங்க. போன ரெண்டு வாரத்துல இது இருந்துச்சா, எத்தனை நாளு? ஒரு நாளும் இல்லையா, சில நாளா, பாதி நாளுக்கு மேலயா, தெனமுமா?

"எதுலயும் மனசு ஒட்டலையா?" தெனமுங்க. "தூக்கம்?" தெனமுங்க. "எத்தனை மணிக்கு முழிப்பு வருது?" ஒண்ணு நாப்பது, ரெண்டு அம்பது, நாலு அஞ்சுன்னேன். கண்டக்டர் பாருங்க, டைம் தப்பாது. "அந்த நேரத்துல நீங்க எதுக்கு முழிச்சிருக்கீங்க?" அவளைப் பாக்கத்தானுங்கன்னேன். "தன்னால எல்லாருக்கும் பாரம்னு நெனைக்கறாங்களா?" "அவ வாயால சொல்லலீங்க. ஆனா முப்பத்தோரு வருசம் ஓடுன ஒடம்பு, இப்ப ஒரு சோலிக்கும் ஆகாம மூலையில கெடந்தா பாரமில்லாம என்னங்க? அது அவளுக்குத் தெரியாதுங்களா?"ன்னேன். அந்த ரூமு ஃபேன்ல ஒரே தூசிங்க. கண்ணுல உழுந்துருச்சு. கண்ணைத் தொடைச்சுத் தொடைச்சுப் பாக்கறேன், தண்ணி நிக்கவே மாட்டேங்குது. டாக்டரம்மா டிஷ்யூ டப்பாவை நவுத்தி வெச்சுது. வெளியில அம்பது பேரு க்யூவுல நிக்கறாங்க, அது பாட்டுக்கு உக்காந்திருக்குது. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில அப்படி யாரும் உக்காந்து நான் பாத்ததில்லை.

ஒம்போதாவது கேள்வி இருக்குதுங்களே, அது கொஞ்சம் மோசமான கேள்வி. செத்துப்போனாத் தேவலைன்னு தோணுதான்னு கேட்டுச்சு. சேச்சே, பாவாயி அப்படிப்பட்டவ இல்லீங்கன்னேன். பொறவு யோசிச்சுப் பாத்தா ஒரு நாளு நடந்தது நெனப்பு வந்துச்சு. ஒளிக்கக் கூடாதில்லீங்க, சொல்லிட்டேன். "ஒரு நாளு சாயங்காலம் எங்க தோட்டத்துக் கெணத்துகிட்ட நின்னா தாயி. மூட்டுவலிக்காரி. வாசல்ல இருந்து கெணத்து மேடு வரைக்கும் நடந்து வந்திருக்கறா. வந்து என்ற சட்டையைப் பின்னாடி கெட்டியாப் புடிச்சுட்டு நின்னா. அவளுக்கு அப்படி ஒரு நெனப்பு இல்லைன்னா அங்க எதுக்கு வர்றா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழ வெச்சுருச்சு. "அய்யா, கெணத்துகிட்ட மொதல்ல போனது யாரு?"

"நான்தானுங்க. மோட்டார் பாக்கப் போனேன்."

"மோட்டார் ரிப்பேரா?"

"இல்லீங்க. கரண்டே இல்லீங்க."

"எத்தனை நேரம் நின்னீங்க?"

அதுக்கு மட்டும் எனக்கு டைம் தெரியலீங்க.

அப்பறம் நடந்ததுதான் வேடிக்கை. சீக்கு அவளுக்கு, பிரசர் எனக்குப் பாத்தாங்க. ரத்தம் என்ற கையில எடுத்தாங்க. தைராய்டு பாக்கணுமாமா. சரக்கு அடிப்பீங்களான்னு என்னைக் கேட்டாங்க. பாவாயிக்குப் போன் போட்டு டாக்டரம்மா கதவைச் சாத்திட்டுக் கால்மணி நேரம் பேசுச்சு. கதவைத் தொறந்துட்டு வந்து எனக்கு எதுத்தாப்புல உக்காந்துச்சு. "அய்யா, நான் ஒளிச்சுப் பேச மாட்டேன். ஒம்போது கேள்விக்கும் நீங்க சொன்ன பதில் உங்களோடது. உங்களுக்கு மனச்சோர்வு இருக்கு, கூடவே பதட்டமும் இருக்கு. இது கிறுக்கும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. பிரசர் மாதிரி ஒரு வியாதி. குணமாகும். மாத்திரை உங்களுக்குத்தான்"ன்னுச்சு. என்ற பேருல புது நோட்டு வேற போட்டுக் குடுத்துச்சு.

எனக்கு வந்துச்சே கோவம். டிக்கெட் ஒருத்தரு பேருல, பயணம் ஒருத்தரு போறதுன்னா என்ற பஸ்ஸுல உடுவனா? ஆனா சின்னப் புள்ளை, வெளியூரு, க்யூவுல கூட்டம். எடுத்தெறிஞ்சு பேச மனசு வரலை. கொழம்பிருச்சு போலன்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

ஊட்டுக்கு வந்து, "இந்தா பாவாயி, உன்ற மாத்திரை. அந்தப் புள்ளை பேரை மாத்தி எழுதிருச்சு"ன்னு நீட்டுனேன். அவ வாங்கலை. விரிசலைப் பாத்துட்டே உக்காந்திருந்தா. பொறவு மெதுவாச் சொன்னா. "ஏனுங்க, பஸ்ஸு புளியமரத்துல மோதி உங்களுக்குக் காலு ஒடஞ்சுதே, நெனப்பிருக்குதுங்களா? அந்தப் பங்குனியில பண்ணாரி குண்டத்துல எறங்குனது யாரு?"

"நீதான்."

"ஒடஞ்ச காலு யாருது?"

"என்றது."

"உங்க காலுக்கு நான் நெருப்புல நடந்தேன். உங்க காலு கூடுச்சுங்களா இல்லீங்களா?"

"கூடுச்சு."

"அப்ப என்ற மனசுக்கு நீங்க இந்த மாத்திரையை முழுங்க மாட்டீங்களா? நெருப்பா மிதிக்கச் சொல்றேன்? தண்ணி ஊத்தி முழுங்கத்தானுங்க சொல்றேன்."

அதுக்கு மேல மாட்டேன்னு சொல்ல முடியுங்களா? நீங்களே சொல்லுங்க. அவ பாதத்துல அந்தத் தழும்பு இன்னும் இருக்குதுங்க. வாங்கி முழுங்கிட்டேன்.

மொத ரெண்டு வாரம் வயித்தைப் பெரட்டுச்சு. இதுதான் நேத்திக்கடன்னா கஷ்டம் இருக்கத்தான் செய்யும்னு பொறுத்துக்கிட்டேன். ஆனா அவளுக்கு ஒரு குணமும் தெரியலை. வாரத்துக்கு ஒருக்கா வரணும்னு சொல்லியிருந்துச்சு. மூணாவது வாரம் போயி, "தாயி, நானும் தவறாமப் போடறேன், அவளுக்குக் கேக்கவே மாட்டேங்குதே"ன்னு சத்தம் போட்டேன். "நீங்க யாருக்காகப் போடறீங்க?"ன்னு கேட்டுச்சு. குண்டத்துக் கதையைச் சொன்னேன். டாக்டரம்மா என்ற நோட்டைத் தன் பக்கம் இழுத்து வெச்சுக்கிச்சு. "வியாதி உங்களுக்குத்தான்னு நான் நெனைக்கறேன், அதுல மாத்தமில்லை. ஆனா அவங்களுக்காகத்தான் போடுவீங்கன்னா, அப்படியே போடுங்க. ஒரு நாளும் தவறக் கூடாது. என்னைக் கேக்காம நிறுத்தவும் கூடாது. இது வேலை செய்ய நாலு வாரம், ஆறு வாரம்கூட ஆகும்"ன்னுச்சு.

மாத்திரை மட்டுமில்லீங்க. தெனமும் அரை மணி நேரம் நடக்கணுமாமா. பாவாயிக்கு மூட்டுவலி, அதனால அதையும் நான்தான் நடந்தேன். சுகந்திக்கு ஒரு நாளைக்கு ஒரே போன், சாயங்காலம் ஏழு மணிக்கு. ஊட்டுல இருந்த பூச்சிமருந்து டப்பாவைப் பூராப் பக்கத்துத் தோட்டத்துக்குக் குடுத்துறணும். கெணத்துக் கேட்டுச் சாவி பாவாயி இடுப்புலதான் இருக்கணும். ரோகிகிட்டயே சாவியைக் குடுக்கறது என்ன வைத்தியம்னு எனக்குப் புரியலைங்க. படிச்சவங்க சொன்னாங்க, செஞ்சோம்.

ஆறாவது வாரம் ஒரு நாளு காலையில சந்தவை பண்ணியிருந்தா, நம்மூரு இடியாப்பந்தானுங்க. தேங்காப்பாலு ஊத்தி. எனக்கு என்னமோ அன்னிக்கு அது மணத்துச்சு. தின்னேன். இன்னும் வெய்யின்னேன். நாலாவது தடவை வெச்சா. வெக்கறப்பவே அவளுக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. அடடா, சீக்கு முத்திப்போச்சேன்னு பயந்துட்டேன். பாத்தா அழுதுட்டே சிரிக்கறா. ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யறா. அப்பத்தானுங்க எனக்குத் தெரிஞ்சுது, மாத்திரை அவளுக்குப் புடிச்சுருச்சுன்னு.

அதுல இருந்து அவளுக்குக் கிடுகிடுன்னு குணமாச்சுங்க. பேசறா. கேட்டைப் பூட்டிட்டயான்னு நான் ஒருக்காக் கேட்டா, அந்த ஒண்ணுக்குப் பதில் சொல்றா. நூத்துக்கு நூறு பதில் சொல்றா. சுகந்தி பொங்கலுக்கு வந்து ரெண்டு நாளு இருந்துட்டுப் போனா, ரெண்டு பேரும் அழுகவே இல்லை. பாவாயி நல்லாத் தூங்கறான்னுதான் நெனைக்கறேன். முன்ன மாதிரி உறுதியாச் சொல்ல முடியலீங்க. நானும் தூங்கிப்போயிடறனே, யாரு பாக்கறது? மூட்டுவலிகூடக் கொறஞ்சுருச்சுங்க. நான் நடக்கற நடை அவ மூட்டுக்குப் போயிருக்குது. விரிசல் மேல ஒரு காலண்டரை மாட்டிட்டேன். எனக்கு நேரமில்லை.

இருங்க, வாய்க்கால் பாலம் வந்துருச்சு. இன்னும் ரெண்டு ஸ்டாப்பு. பாத்தீங்களா, மறுபடியும் அவசர விசில்.

எனக்கு ஒரே ஒரு குறைதானுங்க. அந்த ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்ல மனச்சோர்வுன்னு என்ற பேருதான் இருக்குது. ஆறு மாசமாச் சொல்றேன், திருத்த மாட்டேங்கறாங்க. அதான் நேத்து ஒரு முடிவுக்கு வந்தேன். பாவாயிதான் செரியாயிட்டாளே, இனி எதுக்கு மாத்திரை? இன்னிக்குப் போயி நோட்டைத் திருப்பிக் குடுத்துட்டு, நிறுத்திக்கறேன் தாயின்னு சொல்லிடலாம்னு இருந்தேன். காலையில அவகிட்டயும் சொன்னேன்.

அவ வெங்காயம் உரிச்சுட்டு இருந்தா. கையி நின்னுபோச்சு. "நிறுத்தறதுன்னா நிறுத்துங்க. ஆனா நானும் கூட வர்றேன்"ன்னா. நீ எதுக்குன்னேன். "டாக்டரம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னிக்குக் கெணத்து மேட்டுல உங்க சட்டையைப் புடிச்சனுங்களே. புடிச்ச கையி இன்னும் உடமாட்டேங்குது. தூக்கத்துலகூட உங்க சட்டையைப் புடிச்சுட்டுத்தான் படுத்திருக்கறேன். பகல்ல நீங்க நடக்கப் போனா, வெறுங்கையி நடுங்குது. இந்தக் கையிக்கு இன்னும் எத்தனை நாளைக்கு நீங்க மாத்திரை போடணும்னு கேக்கணும்"ன்னா.

எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. பாத்தீங்களா தம்பி, முழுசாக் குணமாகலைங்க அவளுக்கு. வெளியில பாத்தா நல்லா இருக்கறா, உள்ள இத்தனை பயம் வெச்சிருக்கறா. இந்த நெலமையில நான் நிறுத்துனா நான் மனுசனா? அதனால இன்னிக்கு என்ன சொல்லப் போறேன்னா, "தாயி, இன்னும் ஆறு மாசத்துக்கு எழுதுங்க, என்ற பேருலயே எழுதுங்க, நான் போட்டுக்கறேன்"ன்னு சொல்லப் போறேன். அவ கையி செரியாகற வரைக்கும் போடறேன். அதுல எனக்கு ஒண்ணும் நட்டமில்லை.

அட, உங்க பேரைக் கேக்க மறந்துட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க, நோட்டுல எழுதணும். தெனமும் ஒரு தெரியாத ஆளுகூடப் பத்து நிமிசம் பேசணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்குது. பாவாயிக்குத்தான். அவளுக்குக் கூச்ச சுபாவம், அதனால நான் பேசறேன். நேத்து ஒரு தேங்கா யாவாரி, முந்தாநேத்து ஒரு வாத்தியார். இன்னிக்கு நீங்க. இளங்கோவனுங்களா? செரிங்க, எழுதிக்கறேன்.

ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்துருச்சு, நான் எந்திரிக்கறேன். திரும்பிப் பாக்காதீங்க, அவளுக்கு வெக்கமாப் போயிரும். நம்ம சீட்டுக்குப் பின் சீட்டுல, சந்து வழியாக் கையை உட்டு என்ற சட்டையைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறாளே, அவதான் பாவாயி. முப்பத்தோரு வருசம் இந்த ரூட்டுல கம்பியைப் புடிச்சுக்கோங்க, கம்பியைப் புடிச்சுக்கோங்கன்னு கத்தியிருக்கேன். ஊரே கேட்டுச்சு. இவ மட்டும் கேக்கவே மாட்டேங்கறாளுங்க.